மெய்நிகர் தனி வழங்கி: உரிமையும் காப்பும்

முன்னுரை

அச்சேறிய நூல் ஒரு வகையில் பேறு பெற்றது. அச்சகம் மூடப்பட்டாலும் பதிப்பகம் மறைந்தாலும் எங்கோ ஒரு நூலக அலமாரியில் அதன் படி ஒன்று எஞ்சியிருக்கும். இணையத்தில் ஏற்றப்பெற்ற எழுத்துக்கு அப்பேறு தானாக வாய்ப்பதில்லை. அது எந்தக் கணிப்பொறியில் வைக்கப்பட்டுள்ளதோ, அக்கணிப்பொறி இயங்கும்வரையே அது படிப்போர் கண்ணுக்குப் புலனாகும்.

எம் துறை மாணவர்கள் சில ஆண்டுகளுக்கு முன்னர்க் கடற்கரைச் சிற்றூர்கள் சிலவற்றிற்குச் சென்று மீன்பிடித் தொழிலில் வழங்கும் சொற்களைத் திரட்டினர். கொண்டல், கச்சான், வாடை, சோழகம் என்னும் காற்றின் பெயர்கள் முதலாகப் படகின் உறுப்புகள், வலையின் வகைகள் ஈறாகப் பல சொற்கள் கிடைத்தன. சொன்னவர்களின் குரலும் 40 மணி நேர அளவுக்குப் பதிவு செய்யப்பெற்றது. அனைத்தையும் ஓர் இணையத்தளமாக்கி, குறைந்த கட்டணத்தில் கிடைத்த பொது வழங்கி ஒன்றில் ஏற்றினோம்.

ஒரு நாள் மாலை அத்தளம் திறக்கவில்லை. அளவுக்கு மீறிய பயன்பாட்டால் கணக்கு நிறுத்தப்பட்டது என்னும் ஒருவரிச் செய்தியே எமக்குக் கிடைத்தது. தளம் மீண்டும் திறக்க ஒன்பது நாள்கள் ஆயின. அந்நாள்களில் எம்மை வருத்திய எண்ணம் ஒன்றே. பதிவில் பேசிய முதியோருள் இருவர் அதற்குள் மறைந்துவிட்டனர். அவர்தம் குரலின் மூலப் பதிவுகள் யாரிடம் உள்ளன என்று துறையில் எவராலும் உறுதியாகக் கூற இயலவில்லை. சொல்லை மீண்டும் கேட்டுப் பெறலாம். சொன்னவரை மீண்டும் பெற இயலாது.

இந்நிகழ்ச்சிக்குப் பின்னரே வழங்கிகளைப் பற்றி யாம் கற்கத் தொடங்கினோம். அவற்றுள் 'மெய்நிகர் தனி வழங்கி' என்னும் அமைப்பு யாது, அது எவ்வாறு இயங்குகிறது, அதனை மேற்கொள்வோர் பெறும் உரிமை எத்தகையது, ஏற்கும் பொறுப்பு எத்தகையது என்பனவற்றை இயன்றவரை எளிமையாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வழங்கி என்பது யாது?

இணையத்தளம் என்பது கோப்புகளின் தொகுப்பு. எழுத்து, படம், ஒலி ஆகிய அனைத்தும் கோப்புகளே. படிப்பவரின் கணிப்பொறியிலோ கைப்பேசியிலோ உள்ள உலாவி என்னும் மென்பொருள் அக்கோப்புகளைக் கேட்கிறது. தொலைவிலுள்ள மற்றொரு கணிப்பொறி அவற்றைக் கொடுக்கிறது. கேட்பதைக் கொடுப்பதால் அதற்கு வழங்கி என்று பெயர். சர்வர் என்று நாம் அன்றாடம் வழங்கும் சொல் இதனையே குறிக்கும்.

ஜெனிவா நகரை அடுத்த செர்ன் ஆய்வு நிலையத்தில், 1990ஆம் ஆண்டின் இறுதியில், டிம் பெர்னர்ஸ்-லீ உலகின் முதல் வலை வழங்கியை இயக்கினார். அது மேசைமேல் வைக்கத்தக்க நெக்ஸ்ட் கணிப்பொறி ஒன்றாகும். 'இது வழங்கி, இதன் மின்சாரத்தை நிறுத்தாதீர்' என்னும் பொருள்பட எழுதிய சீட்டொன்று அதன்மேல் ஒட்டப்பட்டிருந்தது. வழங்கியின் இலக்கணம் முழுவதும் அச்சீட்டில் அடங்கிவிட்டது எனலாம். வழங்கி உறங்கக் கூடாது. அதற்கு இடையறாத மின்சாரம் வேண்டும். இடையறாத இணைய இணைப்பு வேண்டும். எவரும் தேடி வரத்தக்க நிலையான முகவரியும் வேண்டும்.

அம்முகவரி எண்களால் ஆனது. நீண்ட காலமாக வழக்கிலுள்ள முறையில் அது 32 இருமக் கூறுகளைக் கொண்டது. ஆகவே அம்முறையில் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே அமைய இயலும். எண்ணை மனப்பாடம் செய்வது அரிது. ஆதலால் தளத்திற்கு ஒரு பெயர் சூட்டி, அப்பெயரை எண்ணோடு பொருத்தி வைக்கின்றனர். பெயரைச் சொன்னால் எண்ணைக் காட்டும் பதிவேடு ஒன்று உலகெங்கும் பரவி இயங்குகிறது. தளத்தின் பெயர் வேறு, தளம் குடியிருக்கும் கணிப்பொறி வேறு என்பதை இங்கு மனத்திற்கொள்ள வேண்டும். வீடு மாறினாலும் பெயர் மாறாதது போலவே, வழங்கியை மாற்றினாலும் தளத்தின் பெயரை மாற்ற வேண்டுவதில்லை.

மூவகைக் குடியிருப்பு

வழங்கியில் இடம் பெறும் முறைகளைக் குடியிருப்புகளோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும்.

முதலாவது, ஒண்டுக்குடித்தனம். ஒரே பெரிய வீட்டில் பல குடும்பங்கள் வாழும், கிணறு ஒன்று, நடை ஒன்று, தெருக்கதவும் ஒன்று. பொது வழங்கி இத்தகையது. ஒரே கணிப்பொறியில், ஒரே இயக்க முறைமையின்கீழ், நூற்றுக்கணக்கான தளங்கள் வைக்கப்படும். பலவற்றிற்கும் முகவரி எண்கூட ஒன்றாகவே இருக்கும். 1997ஆம் ஆண்டு வெளியான வலைப் பரிமாற்ற விதிகளின்படி, உலாவி தான் கேட்கும் தளத்தின் பெயரையும் உடன் சொல்லியாக வேண்டும். 'இன்ன வீட்டிற்கு வந்தேன்' என்பதோடு நில்லாமல் 'இன்னாரைக் காண வந்தேன்' என்றும் வந்தவர் சொல்வதால், ஒரே கதவில் பலருக்கும் வழி பிறந்தது. வாடகை மிகக் குறைவு; வீட்டைப் பேணும் வேலை உரிமையாளருடையது. ஆனால் ஒரு குடும்பத்தார் விடியற்காலையில் கிணற்று நீர் முழுவதையும் இறைத்துவிட்டால் மற்றையோர் காத்திருக்கவே வேண்டும். சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்கும் உரிமையாளரின் இசைவு வேண்டும்.

இரண்டாவது, தனி வீடு. ஒரு முழுக் கணிப்பொறியையும் ஒருவரே வாடகைக்குக் கொள்வது. கிணறும் தோட்டமும் அவருக்கே உரியன. ஆனால் வாடகை மிகுதி. சிறு தளத்திற்கு அவ்வளவு பெரிய கணிப்பொறி தேவையில்லை. அதன் ஆற்றலில் பெரும்பகுதி வீணே கிடக்கும்.

மூன்றாவது, அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீடு. கட்டடம் பலருக்கும் பொது. ஆனால் ஒவ்வொரு வீட்டிற்கும் தனிக் கதவு, தனிப் பூட்டு, தனிக் குழாய், தனி மின்கணக்கு. உள்ளே எதை எங்கு வைப்பது என்பது குடியிருப்போர் விருப்பம். மெய்நிகர் தனி வழங்கி இத்தகையது. ஒரு பெரிய கணிப்பொறியை மென்பொருளால் பல அறைகளாகத் தடுத்து, ஒவ்வோர் அறையையும் ஒரு முழுக் கணிப்பொறி போலவே இயங்கச் செய்கின்றனர். ஒவ்வொன்றிற்கும் தனி இயக்க முறைமை, குறித்த அளவு நினைவகம், குறித்த அளவு வட்டிடம், தனி முகவரி எண் ஆகியன உண்டு.

'மெய்நிகர்' என்னும் சொல்

தமிழ் பயில்வோர்க்கு இப்பெயரே ஒரு விளக்கமாக அமைகின்றது. 'நிகர' என்பதனை உவம உருபுகளுள் ஒன்றாக நன்னூலார் எண்ணியுள்ளார். உவமையில் இரு பொருள்கள் உண்டு. அவை ஒன்றுபோல் தோன்றும், ஆயினும் ஒன்றல்ல. முகம் மதியை நிகர்க்கும் என்றால் முகமே மதியாகிவிடாது. மெய்நிகர் வழங்கியும் மெய்யான கணிப்பொறியை நிகர்ப்பதன்றி, தானே ஒரு கணிப்பொறி அன்று. அதனுள் இயங்கும் மென்பொருளுக்கு அது முழுக் கணிப்பொறியாகவே தோன்றும். வெளியே நின்று நோக்குவோர்க்கோ அது ஒரு பெரிய கணிப்பொறியின் ஒரு பங்கு. இவ்வேறுபாட்டை மறந்தோர் எய்தும் இடரைப் பின்னர்க் காண்போம்.

நுட்பம் வளர்ந்த வகை

இந்நுட்பம் நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்காவின் மாசசூசெட்சு மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐ.பி.எம். ஆய்வு மையத்தில் உருவான 'சி.பி.-40' என்னும் அமைப்பு 1967ஆம் ஆண்டு சனவரியில் பயன்பாட்டிற்கு வந்தது. அது ஒரே கணிப்பொறியை 14 மெய்நிகர்க் கணிப்பொறிகள் வரை பகுத்துத் தந்தது. கணிப்பொறிகள் பெருவிலை பெற்றிருந்த அக்காலத்தில் ஒன்றைப் பலருக்குப் பகிர்ந்தளிக்கும் தேவையே இதற்குக் காரணமாயிற்று. 1972இல் ஐ.பி.எம். நிறுவனம் 'வி.எம்./370' என்னும் பெயரில் இம்முறையை வணிகப் பொருளாக அறிவித்தது.

1974ஆம் ஆண்டில் போபெக், கோல்ட்பெர்க் என்னும் இருவர் இதற்கு இலக்கணம் வகுத்தனர். அவர்கள் கூறிய இயல்புகளை ஒப்பு, ஆட்சி, விரைவு என மூன்றாகத் தொகுத்துக் கொள்ளலாம். மெய்க்கணிப்பொறியில் இயங்குவது போன்றே மென்பொருள் இதனுள்ளும் இயங்க வேண்டும் என்பது ஒப்பு. நினைவகம் முதலிய வளங்கள் யாவும் மேற்பார்வை மென்பொருளின் கட்டுப்பாட்டிலேயே இருக்க வேண்டும் என்பது ஆட்சி. பெரும்பாலான கட்டளைகள் இடையீடின்றி நேரே மெய்க்கருவியில் நிறைவேற வேண்டும் என்பது விரைவு. இம்மேற்பார்வை மென்பொருளைக் கணிப்பொறித் துறையார் ஹைப்பர்வைசர் என்பர். அடுக்குமாடிக் கட்டடத்தின் மேலாளர் போன்று, யாருக்கு எவ்வளவு என்று பங்கிடுவதும், ஒருவர் வீட்டினுள் மற்றொருவர் நுழையாமல் காப்பதும் அதன் பணிகளாகும்.

மேசைக் கணிப்பொறிகளில் பெருவழக்காயிருந்த இன்டெல் வகைச் செயலிகள் இவ்விலக்கணத்திற்கு எளிதில் அடங்கவில்லை. மேற்பார்வை மென்பொருளின் கவனத்திற்கு வாராமலே செயற்பட்டுவிடும் சில கட்டளைகள் அவற்றில் இருந்தமையே காரணம். 1998இல் தோன்றிய விஎம்வேர் நிறுவனம் மென்பொருள் நுட்பத்தால் இத்தடையைக் கடந்து, மறு ஆண்டில் தன் முதற்படைப்பை வெளியிட்டது. 2003இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'சென்' என்னும் கட்டற்ற மென்பொருளை வெளியிட்டனர். 2005, 2006ஆம் ஆண்டுகளில் இன்டெல், ஏ.எம்.டி. நிறுவனங்கள் செயலியிலேயே இதற்கு வழி செய்தன. 2007இல் 'கே.வி.எம்.' என்னும் பகுதி லினக்ஸ் கருவகத்தோடு இணைந்தது. பெருநிறுவனங்களின் உடைமையாயிருந்த ஒரு நுட்பம் இவ்வாறு ஒரு சிறு துறையும் மாத வாடகைக்குக் கொள்ளத்தக்கதாயிற்று.

ஈண்டு ஒரு வேறுபாட்டையும் சுட்டுதல் வேண்டும். சில நிறுவனங்கள் தனித்தனி இயக்க முறைமை அளிக்காமல், ஒரே கருவகத்தின்மேல் தடுப்புகள் மட்டும் எழுப்பி அவற்றையும் இதே பெயரில் விற்கின்றன. சாதாரணத் தளத்திற்கு அவையும் போதுமாயினும், கருவகத்தைத் தம் விருப்பப்படி மாற்றும் உரிமை அவற்றில் இல்லை. வாங்கும் முன் இதனைக் கேட்டறிதல் நன்று.

தேவையை அளத்தல்

எவ்வளவு பெரிய வழங்கி வேண்டும் என்னும் வினாவிற்கு விற்போரின் விளம்பரம் விடையாகாது. நம் பொருளை நாமே அளந்து பார்த்தல் வேண்டும்.

முதலில் எழுத்து. 'கொண்டல்' என்னும் சொல்லில் நம் இலக்கணப்படி எழுத்துகள் நான்கு. யூனிகோடு முறையிலோ க, ஒகரக் குறி, ண, புள்ளி, ட, ல, புள்ளி எனக் குறியீடுகள் ஏழு. இணையத்தில் பெருவழக்காயுள்ள யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் கொள்ளும். ஆகவே இச்சொல்லின் அளவு 21 பைட். ஒரு பக்கத்தில் 1,500 குறியீடுகள் எனக் கொண்டால் 4,500 பைட். 200 பக்க நூல் ஒன்று 9 இலட்சம் பைட். அஃதாவது ஒரு மெகாபைட்டிற்கும் குறைவு. அத்தகைய நூல்கள் ஆயிரம் சேர்ந்தாலும் ஒரு ஜிகாபைட்டினுள் அடங்கிவிடும்.

அதே நூலைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து ஏற்றினால் நிலை வேறு. பக்கம் ஒன்றுக்கு ஒரு மெகாபைட் என்றால் நூலொன்றுக்கு 200 மெகாபைட். ஆயிரம் நூல்களுக்கு 200 ஜிகாபைட். எழுத்தாகத் தட்டச்சு செய்வதற்கும் படமாக ஏற்றுவதற்கும் உள்ள வேறுபாடு இருநூறு மடங்கிற்கும் மேலாகிறது.

அடுத்து ஒலி. இசைத்தட்டின் தரத்தில், இரு ஒலித்தடங்களாக, சுருக்காமல் வைத்த பதிவு மணிக்கு ஏறத்தாழ 635 மெகாபைட் கொள்ளும். எம்மிடமுள்ள 40 மணி நேரத்திற்கு 25 ஜிகாபைட்டிற்கும் மிகுதியாகிறது. நொடிக்கு 128 கிலோபிட் அளவில் எம்பி-3 வடிவாகச் சுருக்கினால் மணிக்கு 57.6 மெகாபைட், 40 மணிக்கு 2.3 ஜிகாபைட். யாம் கொண்ட வழங்கியின் வட்டிடம் 25 ஜிகாபைட். ஆகவே சுருக்கிய வடிவையே அதில் ஏற்றி, மூலப் பதிவுகளை வேறிடத்தில் வைத்தல் இன்றியமையாததாயிற்று. கேட்பதற்கு உரிய படி வேறு, காப்பதற்கு உரிய படி வேறு என்னும் தெளிவு இக்கணக்கினால் எமக்குப் பிறந்தது.

மூன்றாவதாக நினைவகம். ஒவ்வொரு பக்கத்தையும் கேட்கும்போது புதிதாகத் தொகுத்துத் தரும் தளமாயின், ஒரு வேண்டுகோளைக் கவனிக்கும் செயல்முறை 50 மெகாபைட் கொள்வதாகக் கொள்வோம். ஒரு ஜிகாபைட் நினைவகத்தில் இயக்க முறைமைக்கும் தரவுத்தளத்திற்கும் 400 மெகாபைட் போக எஞ்சுவது 600 மெகாபைட். ஒரே நேரத்தில் 12 வேண்டுகோள்களையே கவனிக்க இயலும். ஒவ்வொன்றும் கால் நொடியில் முடிந்தால் நொடிக்கு 48 பக்கங்கள். அகராதி போன்ற மாறாத பக்கங்களை முன்னரே ஆக்கிக் கோப்புகளாக வைத்துவிட்டால் இத்தொகுக்கும் வேலையே இல்லை. அதே வழங்கி பன்மடங்கு படிப்போரைத் தாங்கும். பெரிய வழங்கி வாங்குவதினும் தளத்தை எளிமையாக்குவதே பல நேரங்களில் சிறந்த வழியாகும்.

இறுதியாக, பங்காளிகளின் இயல்பு. அடுக்குமாடிக் கட்டடத்திலும் நீர்த்தொட்டி பொதுவே. விற்பவர் தம் கணிப்பொறியின் ஆற்றலுக்கு மேல் பலருக்குப் பங்கிட்டுத் தந்திருந்தால், நம் வழங்கி தன் முறைக்காகக் காத்திருக்க நேரும். லினக்ஸ் முறைமையில் 'டாப்' என்னும் கட்டளையை இட்டால், இவ்வாறு பிறர் பொருட்டு நாம் இழந்த நேரம் விழுக்காட்டில் தெரியும். அதனைத் 'திருடப்பட்ட நேரம்' என்று பொருள்படும் பெயரால் குறித்துள்ளனர். அவ்வெண் தொடர்ந்து உயர்ந்தே இருக்குமாயின் இடம் மாற எண்ணுதல் தகும்.

உரிமையோடு வரும் பொறுப்பு

பொது வழங்கியில் வீட்டைக் கூட்டுவதும் பூட்டுவதும் உரிமையாளர் பணி. மெய்நிகர் தனி வழங்கியிலோ, பேணும் பணிக்கெனத் தனிக்கட்டணம் செலுத்தினாலன்றி, அவை நம்முடைய பணிகள். சாவி கைக்கு வந்த நாள் முதலே இப்பொறுப்பு தொடங்குகிறது. யாம் மேற்கொண்டவற்றை வரிசைப்படுத்திக் கூறுவோம்.

முதற்கண், நுழைவு. புதிய வழங்கி இணையத்தில் தோன்றியவுடனே, கடவுச்சொல்லை ஊகித்து நுழைய முயலும் தானியங்கி நிரல்கள் அதன் கதவைத் தட்டத் தொடங்கிவிடும். ஆதலால் கடவுச்சொல்லால் நுழைவதை அறவே நிறுத்தி, இணைச்சாவி முறையால் மட்டும் நுழைய வகை செய்தோம். அனைத்து அதிகாரமும் உடைய 'ரூட்' கணக்கால் நேரே நுழைவதையும் தடுத்தோம்.

இரண்டாவது, கதவுகள். வழங்கிக்குப் பல ஆயிரம் வாயில்கள் உண்டு. வலைப்பக்கம் தர 80, 443 ஆகியனவும், நாம் நுழைய 22உம் போதும். எஞ்சியவற்றை ஃபயர்வால் என்னும் தடுப்பால் மூடிவிட வேண்டும்.

மூன்றாவது, புதுப்பித்தல். மென்பொருளில் குறை காணப்பட்டு அதற்குத் திருத்தம் வெளியானவுடன் அத்திருத்தத்தை ஏற்றிக்கொள்ள வேண்டும். திருத்தம் வெளியாகும் செய்தியே தீயோர்க்கும் வழிகாட்டியாகும் என்பதை மறத்தல் கூடாது.

நான்காவது, சான்றிதழ். படிப்பவருக்கும் தளத்திற்கும் இடையே செல்லும் செய்தியை மறைபொருளாக்க இது வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அமைப்பு இதனை 2015ஆம் ஆண்டிலிருந்து கட்டணமின்றி வழங்கி வருகிறது. அதன் ஆயுள் குறுகியதாதலால் தானே புதுப்பித்துக்கொள்ளும்படி அமைத்தல் வேண்டும்.

ஐந்தாவது, கண்காணிப்பு. இதில் யாம் தவறினோம். வந்து போவோரைக் குறித்து வைக்கும் பதிவுக்கோப்பு நாளும் வளரும். பழையவற்றைக் கழிக்கும் ஏற்பாட்டை யாம் செய்ய மறந்தோம். ஏழாம் மாதத்தில் வட்டிடம் முழுவதும் நிரம்பி, தரவுத்தளம் எழுத இடமின்றி நின்றுவிட்டது. தளம் மறுபடியும் மூடிற்று. முன்னர்க் குறைகூற ஒரு நிறுவனம் இருந்தது. இம்முறை குறைகூற எம்மையன்றி யாருமில்லை. கோடை விடுமுறையில் இருந்த பழைய மாணவி ஒருவர் தம் ஊரிலிருந்தே இரண்டு மணி நேரத்தில் அதனைச் சரிசெய்தார். ஒன்பது நாள்கள் காத்திருந்த இடத்தில் இரண்டு மணி நேரம் என்பது உரிமையின் பயன். மூடியதற்குக் காரணம் யாமே என்பது அதன் விலை.

ஸ்ட்ராஸ்பூர் தீ

தனிக்கதவும் தனிப்பூட்டும் உள்ள வீடு, கட்டடத்தையே தீ பற்றினால் என்னாகும்? இவ்வினாவிற்கு அண்மைக் கால வரலாறு விடை கூறுகின்றது.

பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓவிஎச்-கிளவுட் நிறுவனத்தின் தகவல் மையங்கள் நான்கு ஒரே வளாகத்தில் இருந்தன. 2021ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள், நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில், அவற்றுள் இரண்டாவது கட்டடத்தில் தீ மூண்டது. ஐந்து தளங்கள் கொண்ட அக்கட்டடம் முற்றும் அழிந்தது. முதற் கட்டடத்தின் ஒரு பகுதியும் எரிந்தது. எஞ்சியவற்றிற்கும் மின்சாரம் நிறுத்தப்பட்டது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் ஏறத்தாழ 36 இலட்சம் இணையத்தளங்கள் அன்று செயலிழந்தன என நெட்கிராஃப்ட் நிறுவனம் கணக்கிட்டது. 'ரஸ்ட்' என்னும் கணிப்பொறி விளையாட்டை நடத்துவோர் தம் 25 ஐரோப்பிய வழங்கிகளின் தரவுகளை மீட்க இயலாதவாறு இழந்ததாக அறிவித்தனர்.

இந்நிகழ்ச்சியில் ஆழ்ந்து நோக்கத்தக்கது ஒன்று உண்டு. காப்பு நகல் எடுக்காதவர்கள் இழந்தனர் என்பது எதிர்பார்க்கத்தக்கதே. காப்பு நகலுக்கெனக் கட்டணம் செலுத்தியவர்களுள்ளும் இழந்தவர் இருந்தனர். அவர்தம் காப்பு நகலும் மூலத்தோடு அதே கட்டடத்தில் வைக்கப்பட்டிருந்ததே காரணம். அவ்வாறு இழந்த ஒரு நிறுவனம் தொடுத்த வழக்கில், 2023ஆம் ஆண்டில் லீல் நகர வணிக நீதிமன்றம் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. இழப்பீடு பணத்தைத் திருப்பித் தரும். எரிந்த கோப்பைத் திருப்பித் தாராது.

மெய்நிகர் என்னும் சொல்லின் பொருளை மறந்தோர் எய்தும் இடர் என்று முன்னர் யாம் குறித்தது இதனையே. மெய்நிகர் வழங்கி காற்றில் மிதப்பதன்று. அது ஏதோ ஒரு நகரின் ஏதோ ஒரு கட்டடத்தில், இரும்பாலும் கம்பியாலும் ஆன ஒரு மெய்க்கணிப்பொறியில் குடியிருக்கின்றது. நிகர் எரிவதில்லை, மெய் எரியும், மெய் எரிந்தால் நிகரும் இல்லை. விற்போர் ஒரு விசையழுத்தத்தில் எடுத்துத் தரும் ஸ்னாப்ஷாட் என்னும் உடனடிப் படியும் பெரும்பாலும் அதே நிறுவனத்தின் பொறுப்பிலேயே இருக்கும். அது பிழை திருத்த உதவும். பேரிடருக்கு உதவும் என்று நம்பியிருத்தல் ஆகாது.

இதனால் அறிஞர் வகுத்த எளிய விதி ஒன்றைப் பின்பற்றுதல் நன்று. படிகள் மூன்று இருக்க வேண்டும். அவை இருவேறு வகைக் கருவிகளில் இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். இதனோடு நான்காவதாக ஒன்றையும் சேர்ப்போம்: ஆண்டுக்கு ஒரு முறையேனும் காப்பு நகலிலிருந்து தளத்தை மீட்டுப் பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத காப்பு நகல், எண்ணிப் பார்க்காத பணப்பை போன்றது.

யாருக்கு வேண்டும்? யாருக்கு வேண்டா?

மெய்நிகர் தனி வழங்கி எல்லார்க்கும் ஏற்றதன்று. சில பக்கங்களே கொண்ட அறிமுகத் தளத்திற்கு ஒண்டுக்குடித்தனமே போதும். பேணுவதற்கு ஆள் இல்லாத இடத்தில் தனி வழங்கி கொள்வது, பூட்டுவார் இல்லாத வீட்டை வாங்குவது போன்றதாகும். தமக்கென மென்பொருள் நிறுவ வேண்டியவர்கள், படிப்போர் பெருகும் தளத்தை உடையவர்கள், பிறர் செயலால் தம் தளம் முடங்குவதை ஏற்க இயலாதவர்கள் ஆகியோருக்கு இது தகும். அவர்களுள்ளும் வாரத்திற்கு ஒரு மணி நேரமேனும் இதற்கென ஒதுக்க வல்லவர்க்கே தகும்.

கல்வி நிறுவனங்களுக்கு உரிய தனி இடர் ஒன்றும் உளது. தளத்தை ஆர்வத்தோடு அமைக்கும் மாணவர் மூன்றாம் ஆண்டின் இறுதியில் விடைபெறுவார். பொறுப்பேற்ற ஆசிரியர் ஓய்வு பெறுவார். தளப்பெயர் ஒருவரது மின்னஞ்சலிலும், வாடகை மற்றொருவரது வங்கிக் கணக்கிலும், நுழைவுச் சாவி மூன்றாமவர் கணிப்பொறியிலும் இருக்குமாயின், அவர்கள் பிரிந்த பின் அத்தளம் கேட்பாரற்றுப் போகும். புதுப்பிக்கத் தவறிய தளப்பெயரைப் பிறர் வாங்கிக்கொள்ளவும் கூடும். தீயால் அழிந்த தளங்களினும் இவ்வாறு கவனிப்பாரின்றி அழிந்தவை மிகுதி என்றே கருதுகிறோம். ஆகவே தளப்பெயரும் வழங்கியும் தனியாள் பெயரில் இல்லாமல் துறையின் பொது மின்னஞ்சலில் இருத்தல் வேண்டும். சாவி இருவரிடமேனும் இருத்தல் வேண்டும். புதுப்பிக்க வேண்டிய நாள்கள் துறையின் பதிவேட்டில் எழுதப்பெறல் வேண்டும்.

முடிவுரை

வழங்கி என்பது கேட்பதைக் கொடுக்கும் கணிப்பொறி என்பதும், ஒரு கணிப்பொறியைப் பலவாக நிகர்ப்பிக்கும் நுட்பத்தால் மெய்நிகர் தனி வழங்கி அமைகின்றது என்பதும், அது குறைந்த செலவில் மிகுந்த உரிமையைத் தருகிறது என்பதும் இதுகாறும் கூறியவற்றால் விளங்கும். உரிமையைத் தரும் அது காப்பைத் தானாகத் தருவதில்லை என்பதே யாம் வலியுறுத்த விழைவது. காப்பு என்பது வாங்கும் பொருளன்று, செய்யும் செயல்.

எம் துறையின் 40 மணி நேரக் குரல்கள் இன்று மூன்று இடங்களில் உள்ளன. சுருக்கிய வடிவு வழங்கியில் உள்ளது; மூலம் துறையின் அலமாரியில் ஒரு வன்தட்டில் உள்ளது; மற்றொரு வன்தட்டு கல்லூரிக்கு வெளியே வேறோர் ஊரில் உள்ளது. ஒவ்வோர் ஆண்டும் கல்வியாண்டு தொடங்கும் மாதத்தில், புதிதாகச் சேர்ந்த மாணவர் முன்னிலையில் அவ்வன்தட்டைத் திறந்து ஏதேனும் ஒரு பதிவை ஒலிக்கச் செய்கிறோம். சென்ற ஆண்டு ஒலித்தது மறைந்த முதியவர் ஒருவரின் குரல். கச்சான் காற்றில் படகை எவ்வாறு திருப்புவது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். படகில் என்றும் ஏறியிராத மாணவர்கள் அமர்ந்து கேட்டனர். வழங்கி நிற்கலாம், மாறலாம். அக்குரல் நில்லாமல் காப்பது நம் கடன்.